பாலம் திறப்பு விழாவில் மாமா

பழைய வீடியோ கேசட்டுகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. பூஞ்சை பிடித்துவிடுமோ என்று மாதம் ஒருமுறை வெயிலில் வைப்பேன். வெயிலில் நாடா சுருங்கிவிடுமோ என்று ஐந்து நிமிடத்தில் எடுத்தும் விடுவேன். போட்டுப் பார்க்க டெக் கிடையாது. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு கடையில் நான்கை மட்டும் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னேன். மறுநாள் கடைப் பையன் போன் செய்தான். “சார், தாலி கட்டி முடிச்சதும் ஒட்டகம் ஓடுது. அதையும் ஏத்தவா, வெட்டிரவா?” என்று கேட்டான். வெட்ட வேண்டாம் என்றேன்.

ஒட்டகம் ஓடியதற்குக் காரணம் என் சித்தப்பா. எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் அவர் டெக்கும் டிவியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் வீடியோவும் எடுத்தார். புதுக் கேசட் வாங்கிக் கட்டுபடியாகாமல், வெளிநாட்டுச் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் பழைய கேசட்டுகளைப் பெட்டியோடு வாங்கிவந்தார். பாய் சவுதியில் வேலை பார்த்த காலத்தில், பொழுது போகாமல் டெலிவிஷனிலிருந்து பதிந்துவைத்தவை அவை. அவற்றின் மேலேயே கல்யாணங்களைப் பதிந்து, புது லேபிள் ஒட்டிக் கொடுத்துவிடுவார் சித்தப்பா. தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண் அழுது புறப்பட்ட பிறகும் நாடா மிச்சமிருந்தால் அங்கே பழைய சவுதி வந்துவிடும். அதுவரை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

நாடா எங்கேயாவது கசங்கியிருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு அது. நாற்பத்தாறு கேசட்டையும் நான் பார்த்தேன். அந்த நாட்டு ஒளிபரப்பு முறை எங்கள் டெக்குக்கு ஒத்துவராததால் எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தன. நீள அங்கி போட்ட ஒருவர் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார். ஒட்டகப் பந்தயம் நடக்கும். பொம்மைகள் அரபியில் சண்டை போடும். ஒன்றும் புரியாததால் எதுவும் எனக்கு அலுக்கவில்லை.

ஒரு கேசட்டில் பாலம் ஒன்றைத் திறந்துவைத்தார்கள். பெரிய மனிதர்கள் நாடா வெட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் தலைத்தொப்பி போட்ட வேலையாட்கள் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவர் புறங்கையால் பிடரியைச் சொறிந்தபடி இந்தப் பக்கம் திரும்புவார். அதோடு அந்தக் காட்சி போய்விடும்.

அத்தை அதை என்னோடு பார்த்தாள். அப்பாவின் கடைசித் தங்கை அவள். மாமா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து, சவுதிக்குப் போனவர். முதல் ஆறு மாதம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவிடம் மன்றாடி ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர் டிரெய்னிங் சேர்ந்து, தினம் பஸ்ஸில் போய்வந்தாள். பாலத்தைப் பார்த்தவள், “இன்னொரு மட்டம் ஓட்டுலே” என்றாள். ஓட்டினேன். “இம்புட்டுதானா?” என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வத்திராயிருப்பிலிருந்து ஒருவர் வந்தார். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ளவர், மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அறுத்துக்கட்டுவது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். திரும்பிவராத புருஷன் கட்டிய தாலியைக் கழற்றிவிட்டு இன்னொருவருக்குக் கட்டிக்கொடுப்பார்கள். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. வந்தவர் ஒரு கூடை மாம்பழத்தை வைத்துவிட்டு, வைகாசிக்குள் முடித்துவிடலாம் என்று சொல்லிப் போனார்.

அன்றைக்கு அத்தை அப்பாவிடம் பேசியது எனக்குக் கேட்டது.

“அண்ணே, படிப்பு இன்னும் ஒண்ணரை வருசந்தான். முடிச்சிட்டுப் பாப்போமே.”

“தோப்புக்காரன் பொண்டாட்டிக்கு எதுக்குட்டி டிரெய்னிங்கு? தென்னைக்குப் பாடம் நடத்தப் போறியா?”

“அவிய வந்துட்டா?”

“வரட்டும். ரெண்டு வருசமாக் காயிதத்தையே காணும், ஆளு வருதானாம். வந்தா நான் பாத்துக்கிடுதேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் இருந்தபோது என்னிடம் வந்து, “அந்தப் பாலம் தெறக்கிற கேசட்டைப் போடுலே, உங்கம்மா பாக்கலைல்ல” என்றாள். போட்டேன். பிடரியைச் சொறிந்தவர் திரும்பியதும் அத்தையின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. அரிசி கூடமெங்கும் ஓடியது.

“அவியதான்” என்றாள். “அண்ணே, அது அவியதான்.”

நான்கு நாட்களுக்கு வீட்டில் வேறு பேச்சில்லை. நான் டெக்கை விட்டு நகரவில்லை. படத்தை நிறுத்தினால் நடுங்கியது, முகத்தின் குறுக்கே கோடுகள் விழுந்தன. ஓடவிட்டால் இரண்டு வினாடியில் மறைந்தது. அப்பா மாமாவின் கல்யாணப் போட்டோவை எடுத்துவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காது ஒத்துப்போகிறது என்றார் சித்தப்பா. தொப்பிக்குள் காது தெரியவே இல்லை என்றார் அப்பா. தெருவிலிருந்து வந்தவர்களில் பதினேழு பேர் மாமாதான் என்றும் ஆறு பேர் இல்லை என்றும் சொன்னார்கள். நான் கோடு போட்டு எண்ணிவந்தேன்.

சேதி எட்டி, வத்திராயிருப்புக்காரரே நேரில் வந்துவிட்டார். மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

“இது அந்தாளு இல்ல” என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: “நீங்க எப்ப அவியளப் பாத்திய?”

“பாத்ததில்ல. ஆனா நிக்கித நிப்பைப் பாத்தாலே தெரியுதுல்லா, யாரோ மலையாளத்தான்னு.”

“நல்லாத் தெரியும். எங்க வீட்டுக்காரவுகளே மலையாளத்தான் மாதிரிதான் நிப்பாக.”

சித்தப்பா சிரிப்பை அடக்க வெளியே போனார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருப்பவன் கட்டிய தாலியைக் கழற்றிவிட்டு, நாளைக்கு அவன் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் ஊருக்கு என்ன பதில் சொல்வது? கடைசியில் பாயையே கூட்டிவரச் சொன்னார்.

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் காட்சியை ஓட்டினேன். அவர் டிவியைப் பார்த்தார். பிறகு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற அத்தையைப் பார்த்தார். அத்தை கண்ணை எடுக்கவில்லை.

“பாய், இது எந்த வருசம் புடிச்சது?” என்றார் அப்பா.

“அதெல்லாம் எழுதியா வச்சேன் அண்ணாச்சி? ரூம்ல சும்மா கெடந்த நேரத்துக்குப் போட்டுவிட்டது.”

“ஆளு அவருதானா? நீங்க சொல்லுங்க.”

பாய் தாடியைத் தடவினார். “வீட்டுப் பொம்பளைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். எம் மச்சான் அங்கதான் இருக்கான், எழுதிக் கேக்கேன்.”

“பதில் எப்ப வரும்?”

“பெரிய தேசமுல்லா. அலைஞ்சு விசாரிக்கணும். ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆனாலும் ஆவும். பொறுத்துத்தான் ஆவணும்.”

அப்பா அதோடு கல்யாணப் பேச்சை விட்டார். வத்திராயிருப்புக்காரர் பொறுக்கவில்லை. ஆனி பிறப்பதற்குள் வேறிடத்தில் பெண் எடுத்துவிட்டார்.

பாய் ஊர் திரும்பிக் கடை போட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. கடை திறந்த அன்று அவர் தந்த பேரீச்சம்பழங்கள் ஐந்து. மாமாவைத் திருவனந்தபுரத்துக்கு வேன் பிடித்து வழியனுப்பப் போனபோது நான் நான்காம் வகுப்பு. வேனில் பதினான்கு பேர் போனோம். பாயின் கேசட்டில் மாமா இருக்க வழியே இல்லை. பேரீச்சம்பழத்தை எண்ணினேன், வேனில் ஆட்களை எண்ணினேன், இந்த ஒரு கழித்தலைப் போட எனக்கு இருபது வயது தாண்டவேண்டியிருந்தது. பாய்க்கு அன்றைக்கே தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்கும். இருவரும் முன்கூட்டிப் பேசிவைத்திருந்தார்களா என்றால், இல்லையென்றே நினைக்கிறேன். அப்பாவின் கணக்கு என்னவென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் அந்தக் கேசட்டுக்குக் காவல் இருந்தேன். சித்தப்பா தவறுதலாக எதையாவது பதிந்துவிடாதபடி அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்து எடுத்துவிட்டேன். தகடு இல்லாத கேசட்டில் டெக் பதியாது. வெள்ளிக்கிழமைகளில் தனியாக ஓட்டி, மாமா இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வேன். அத்தை ஒருமுறைகூட என்னோடு உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும் என்று பயப்படுகிறாள் என எண்ணிக்கொண்டேன். பாயின் மச்சானிடமிருந்து பதில் ஏதும் வரவில்லை. மாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அத்தை பரீட்சையில் தேறினாள். மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலைக்குப் புறப்படும்போது அலமாரியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

“சின்னண்ணே, இதுல ஏதாவது கல்யாணத்தைப் புடிச்சுக்கோ.”

சித்தப்பா வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தகட்டை ஒடச்சு வச்சிருக்கானே” என்றார். பிறகு உடைந்த இடத்தின் மேல் செல்லோ டேப்பை ஒட்டினார். அப்படி ஒட்டினால் டெக் பதியும். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

எட்டாம் வகுப்புப் பையன் அழக்கூடாதுதான். நான் அழுதேன். “மாமா அழிஞ்சிருவாக அத்தை” என்றேன்.

“அழிஞ்சா அழியுதாக. விடுலே, பஸ்ஸு போயிரும்.”

இவ்வளவு நாள் காத்திருந்து மனசு விட்டுப்போய்விட்டாள், துக்கம் தாங்காமல்தான் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அந்தத் துக்கத்தை அவள் முகத்தில் தேடினேன். அவள் குனிந்து, வாசலில் இன்னொரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.