கத்திரி பட்ட துணி

என் மகளின் அறையில், கட்டிலுக்கு எதிரே, துணி போர்த்தி ஒட்டிய அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றுக்கு அத்தையின் பழைய சுங்குடிச் சேலை. ஒன்றுக்கு என் கணவர் கல்லூரியில் போட்ட கட்டம் போட்ட சட்டை. இன்னொன்றுக்கு யார் யாருடைய ரவிக்கைக்கோ வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள். பெரிய பெட்டியின் முகப்பில் ஒரு மயில் உண்டு. மாமா மயில் என்று சொன்னதால் அது மயில். பார்க்கிறவர்கள் எல்லோரும் கோழி என்றுதான் சொல்வார்கள். மகளும் அதைக் கோழிப் பெட்டி என்றே கூப்பிடுகிறாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அந்தப் பெட்டிகளின் மேல் வந்து படுக்கும்போது, நானும் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கே சும்மா உட்கார்ந்துவிடுவேன்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் தலை நரைக்கும்வரை துணி எடுத்துப் போட்டவர். கடையில் அத்தனை பேசுகிற மனிதர், வீட்டில் மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் எதிரிலேயே நிற்பேன். அவரோ அத்தையிடம், "அவளுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பார். அத்தை விடமாட்டார். "ஏன், அவளுக்கென்ன காது கேக்காதா? நீங்களே கேக்குறது" என்பார். மாமா செய்தித்தாளுக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அவருடைய கடைக் கதைகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம் பக்கமிருந்தெல்லாம் வளைகாப்புச் சேலை எடுக்க வருவார்கள். சேலை எடுத்த சந்தோஷத்தில் யாராவது ஒரு பெண், "அப்படியே ஒரு குட்டிச் சட்டையும் காட்டுங்க அண்ணாச்சி" என்று கேட்டுவிடுவாள். மாமா கையைக் கட்டிக்கொள்வார். "பிள்ளை பொறந்தாச்சா? இல்லைலா? பொறந்த பொறகு வாங்க, நானே எடுத்துத் தாரேன்." வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறாரே என்று முதலாளி கல்லாவிலிருந்து முறைப்பாராம். பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று புதுசாக எதுவும் வாங்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவதுகூடப் பழைய வேட்டித் துணிதான்.

நான் அதை நம்பியவள் இல்லை. முதல் தடவை உண்டானபோது சென்னையில் இருந்தோம். ஆசை தீர எல்லாம் வாங்கினேன். தொட்டில், அலமாரி, திரைச்சீலை, படுக்கை விரிப்பு என்று அந்தச் சின்ன அறையை முழுவதுமாக அலங்கரித்து, அதன் நடுவில் நின்று வராத குழந்தையோடு பேசிக்கொண்டிருப்பேன். ஏழாம் மாதம் அது போய்விட்டது. ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அந்த அறை காலியாக இருந்தது. மாமா எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார். எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. துணி வாங்கியதால் ஒரு குழந்தை போய்விடாது என்று படித்த புத்தி எனக்குச் சொன்னது. ஆனால் பயத்துக்குப் படிப்பு ஏது?

அடுத்த தடவை உண்டானதும் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டேன். அலுவலக வேலையை வீட்டிலிருந்து பார்த்தேன். யாரும் குழந்தையைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். பெயர் யோசிக்கவில்லை. வயிற்றில் அசைவு தெரிந்தாலும் கையை வைத்துப் பார்க்க மாட்டேன். வைத்தால் அது இருப்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒத்துக்கொண்ட பிறகு மறுபடியும் இழந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். அத்தை கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுவிடுவார். எதற்கென்று அவரும் சொல்ல மாட்டார்.

அந்த நாட்களின் மத்தியானங்கள் எனக்குப் பாதிக் கனவாகத்தான் நினைவிருக்கின்றன. தெருக்கோடியில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் தூக்கம் வரும், போகும். கண் திறக்கும்போதெல்லாம் கூடத்தில் மாமா தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருப்பார். பழைய கடையிலிருந்து வேட்டிப் பெட்டி, சேலைப் பெட்டியெல்லாம் வாங்கி வந்திருந்தார். அத்தை ஆசையாக ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டியபோது மட்டும், தொடாமல் கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். அட்டையை இரட்டையாக ஒட்டிக் கனமாக்கி, அதன் மேல் துணியை இழுத்து, மூலையைச் சட்டை மடிக்கிற மாதிரி மடித்து உள்ளே தள்ளுவார். பட்டுச் சேலைக் கரையை வெட்டிக் கைப்பிடி வைப்பார். அவர் விரல்கள் துணியின் மேல் போவதைப் பார்த்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போவேன்.

"என்ன செய்யுதிய?" என்று அத்தை ஒருநாள் கேட்டார். "சும்மா, சாமான் போட்டு வைக்க" என்றார் மாமா. "யார் சாமான்?" என்று அத்தை விடவில்லை. மாமா மூலையை மடித்துக்கொண்டே, எனக்கும் கேட்கிற மாதிரி அத்தையிடம் சொன்னார்: "பொட்டி பழசு, துணி பழசு. பசை ஒண்ணுதான் புதுசு. அதுவும் நேத்துக் காய்ச்சுனது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அந்த மைதாப் பசையில்தான் மாட்டிக்கொண்டார். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட வேண்டாமா என்று அத்தை கேட்டார். "அது விஷம்லா. பொட்டியக் கடிச்சு கிடிச்சு வச்சா..." என்று ஆரம்பித்தவர், நான் விழித்திருப்பதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். பெட்டியை யார் கடிப்பார்கள்? அத்தை எழுந்துபோய் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி கொண்டுவந்து பசையில் போட்டார்.

ஏழாம் மாதம் தாண்டிய பிறகு ஒரு மத்தியானம். மாமா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். மயில் பெட்டி கூடத்தில் தனியாக இருந்தது. என்னவோ தோன்றி மூடியைத் திறந்தேன். உள்ளே வானம் இருந்தது. வெளிர்நீலத் துணியில் வெள்ளை வெள்ளையாக மேகங்கள். சென்னையில் அந்த அறைக்கு நான் பார்த்துப் பார்த்து வாங்கிய திரைச்சீலை. பெட்டியின் நான்கு பக்கமும் அடியும் அதே துணி, ஒரு சுருக்கமில்லாமல். எனக்குக் கோபம் வந்தது. மாமா படியிறங்கி வருவதற்குள் கத்திவிட்டேன். "இதை ஏன் மாமா வச்சிருந்தீங்க? தூரப் போட்டிருக்கலாம்லா?"

அவர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். அத்தை அடுப்படியில் இருந்தார்; இடையில் பேச ஆள் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தே சொன்னார்.

"கத்திரி பட்டா துணி பழசும்மா. கடையில அதை நாங்க புதுசுன்னு விக்க மாட்டோம். வெட்டித் துவைச்சுத்தான் ஒட்டிருக்கேன். ஒண்ணும் செய்யாது." துண்டை நாலாக மடித்தார். "மத்ததெல்லாம் குடுத்துட்டேன். இதை மட்டும் குடுக்க மனசு வரல. அந்தப் பிள்ளைக்குன்னு எடுத்ததுலா."

பிள்ளை. அதுவரை யாரும் அதற்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதில்லை, கணவர் சொன்னதில்லை, நானே சொன்னதில்லை. 'அது' என்போம், 'அன்னைக்கு நடந்தது' என்போம். இந்த மனிதர் ஒருவர்தான் எனக்கு ஒரு பிள்ளை இருந்தது என்று ஞாபகம் வைத்து, அதன் துணியை இத்தனை நாள் மடித்து வைத்திருந்திருக்கிறார். அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சென்னையிலிருந்து அடைத்து வைத்திருந்த அழுகை எல்லாம் வந்தது. மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை ஓடிவந்து, "என்னட்டி, வலிக்கா?" என்று பதறினார். இல்லை என்று தலையாட்டினேன். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. முதல் தடவையாக அங்கே கையை வைத்தேன்.

முகம் கழுவிவிட்டு என் அலமாரியைத் திறந்தேன். துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலை ஒன்று இருந்தது. குழந்தைக்குச் சுற்றத் துணி வேண்டுமே. ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தேன். கோணலாகப் போனது. மறுபடியும் இழுத்தேன். கதவு சாத்தியிருந்தாலும், வாழ்நாள் முழுக்கத் துணி கிழித்த மனிதருக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்குமா? கூடத்திலிருந்து, அத்தையிடம் சொல்லாமல், என்னிடமே சொன்னார்.

"ஓரத்துல கத்திரி வச்சு ஒரு வெட்டு குடுத்துட்டுக் கிழிம்மா. நேரா வரும். பெருசாவே கிழி, பிள்ளை வளரும்லா."