தென்னையா, என்னையா?

திருப்புலிவனம் காலனியில் அம்முலுவைத் தெரியாதவர்கள் கிடையாது. முதல் காரணம் அவள் உயரம். நடவுக்குப் பெண்கள் வரிசையாகக் குனிந்தால் அவள் முதுகு மட்டும் ஒரு சாண் மேலே தெரியும். இரண்டாவது காரணம் அவள் பாட்டுக் கச்சேரிப் பைத்தியம்.

பங்குனி பிறந்து வயலில் வேலை ஓய்ந்துவிட்டால் அம்முலுவை வீட்டில் பார்க்க முடியாது. சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயிலில் காப்புக் கட்டினாலும், அங்கே மெல்லிசைக் கச்சேரி உண்டா என்பதுதான் அவள் கேட்கும் முதல் கேள்வி. உண்டு என்றால் தூக்குவாளியில் புளிச்சோற்றை அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். உத்திரமேரூர் என்றால் நடை. அதற்கும் அப்பால் என்றால் பஸ். பஸ் போகாத ஊர் என்றால், "நம்ம கால்தான் போவுதே, அப்புறம் இன்னா?" என்பாள்.

துணைக்குப் புருஷன் வேதகிரி போவான். போய்த் துண்டை விரித்துப் படுத்து, முதல் சாமி பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுவான். முப்பது கச்சேரிக்காவது போயிருக்கிறான். ஒரு கச்சேரியில் இரண்டாவது பாட்டு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அம்முலுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பாட்டை நாலு முறை கேட்டால் போதும், வார்த்தை பிசகாமல் மனசில் உட்கார்ந்துவிடும். பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டது, டென்ட் கொட்டாயில் படம் போடுவதற்கு முன் வைக்கிற ரெக்கார்டில் கேட்டது, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. களை எடுக்கும்போது எவளாவது ஒரு வரியை மாற்றிப் பாடிவிட்டால் போச்சு. "நிறுத்துடி, அது அப்பிடி இல்ல" என்று வரப்பின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வரும்.

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் திருப்புலிவனத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கே முதன்முறையாக மெல்லிசைக் கச்சேரி வந்தது. அதுவரை தெருக்கூத்துதான். விழாக்கமிட்டித் தலைவர் ராஜாராம், நிலபுலன் உள்ளவர், எதையும் அடுத்த ஊருக்கு ஒரு படி மேலே செய்ய வேண்டும் என்ற ஆசைக்காரர். காஞ்சிபுரத்திலிருந்து பாலாறு மெல்லிசைக் குழுவை வரவழைத்துவிட்டார்.

மேடைக்கு முன்னால் ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்கும் பின்னால், வைக்கோல் போர் ஓரமாகக் காலனி ஜனம். அது எப்போதும் உள்ள ஏற்பாடு, யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்முலு வைக்கோல் போரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் வேதகிரி ஏற்கெனவே குறட்டை.

குழுவின் பாடகர் தாண்டவராயன். பகலில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் பாட்டுகளையெல்லாம் அழகாக டைப் அடித்து, ஃபைலில் கோத்து, எதிரே வைத்துக்கொண்டு பாடுவார். ஒன்பதாவது பாட்டாக அந்தத் தோணிப் பாட்டை எடுத்தார். அம்முலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக அது அவளுடைய பாட்டு. கரையில் ஒருத்தி நிற்கிறாள், தோணி அவளை ஏற்றிக்கொள்ளாமல் போகிறது. நெட்டையாக வளர்ந்ததற்காகச் சின்ன வயசிலிருந்து கேலி கேட்டவளுக்கு, அந்தச் சரணம் தன்னைப் பார்த்தே எழுதிய மாதிரி இருக்கும்.

தாண்டவராயன் சரணத்துக்கு வந்தார்.

"கரையில் நின்ற தென்னை கண்டு சிரித்தது தோணி…"

"தப்பு!"

வைக்கோல் போரிலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. டிரம்ஸ் அடிக்கிறவர் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். கயிற்றுக்கு முன்னால் இருந்த தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. அம்முலு எழுந்து நின்றிருந்தாள். அவள் நின்றால் யாரென்று தேட வேண்டியதில்லை.

ராஜாராம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏய் அம்முலு! இன்னா, குடிச்சிக் கீறியா? உக்காரு!"

"இல்லீங்கய்யா. அவுரு பாட்ட மாத்திப் பாடறாரு. அது தென்னை இல்லீங்க. 'கரையில் நின்ற என்னைக் கண்டு'. என்னை!"

"உனுக்கு இன்னா தெரியும்? அவுரு பேப்பர பாத்துப் பாடறாரு."

"பேப்பர்ல தப்பு இருந்தா? தோணி போயி தென்னமரத்தப் பாத்து எதுக்குங்கய்யா சிரிக்கும்? ஒரு பொம்பள ஏறமாட்டாம நிக்கிறா, அவளப் பாத்துச் சிரிச்சா நாயம் இருக்குது. மரத்தப் பாத்து இன்னா சிரிப்பு?"

கூட்டத்தில் யாரோ, "ஆமா, கரெக்ட்டுதானே?" என்றார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பேச்சு. தென்னையாவது, சிரிப்பாவது. ராஜாராமே குழம்பிப்போய் மேடையைப் பார்த்தார்.

தாண்டவராயன் ஃபைலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எங்கோ இருட்டில் நிற்கும் அந்த உயரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, மன்னிச்சிக்கணும். டைப் அடிக்கும்போது தவறு நடந்திருக்கும். நீங்க சொன்னதுதான் பொருத்தமா இருக்குது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, "கரையில் நின்ற என்னைக் கண்டு" என்று முதலிலிருந்து பாடினார். விசில் பறந்தது. வேதகிரி புரண்டு படுத்தான்.

மறுநாள் முதல் அம்முலுவுக்குத் தனி மவுசு. பஸ் ஸ்டாப்பில் சேட்டுவின் டீக்கடையில் அதே பேச்சு. பாட்டுக்காரரையே நிறுத்திய பொம்பளை என்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பார்த்தார்கள். அன்றைக்கு உக்காரு என்று அதட்டிய ராஜாராமே, உத்திரமேரூர் சந்தையில், "எங்க ஊர்ல களை எடுக்கிறவளுக்குக் கீற ஞானம் உங்க ஊரு வாத்தியாருக்குக் கெடையாது" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அம்முலுவும் சும்மா இல்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கிற தோரணையே மாறிவிட்டது.

இந்த மவுசு சரியாகப் பதினாறு நாள் நீடித்தது.

பதினேழாம் நாள் ராஜாராமின் கிணற்றடி நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குகிற வேலை. மத்தியானம் மற்றவர்கள் கைகால் கழுவப் போயிருக்க, அம்முலுவும் வேதகிரியும் மோட்டார் கொட்டகை நிழலில் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகை ஆணியில் ராஜாராமின் டிரான்சிஸ்டர் தொங்கியது. தோணிப் பாட்டு வந்தது.

"நம்ம பாட்டு!" என்று அம்முலு காதை அருகே கொண்டுபோனாள். இவ்வளவு பக்கத்தில், குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பு இல்லாமல், அவள் அதைக் கேட்டதே இல்லை. சரணம் வந்தது.

"கரையில் நின்ற தென்னை கண்டு சிரித்தது தோணி, உயரம் மட்டும் போதுமா ஊர் போய்ச் சேர…"

தென்னை. தண்ணீரில் கழுவிய மாதிரி அவ்வளவு சுத்தமாக, தென்னை. மரம் உயரமாக இருந்து என்ன, நகர முடியுமா என்று தோணி கேலி செய்கிறது. உயரம் என்ற வார்த்தை எதற்கு அங்கே இருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது. அது அம்முலுவின் உயரம் இல்லை.

கடவுள் செயல், வாழ்க்கையில் முதல்முறையாக வேதகிரி ஒரு பாட்டை முழிப்போடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாமே, அந்தாளு பாடினதுதான் வருது?"

அம்முலு டிரான்சிஸ்டரிலிருந்து காதை எடுக்கவில்லை. கூழ் அப்படியே இருந்தது.

"சரி வுடு. நாம ரெண்டு பேரும்தானே கேட்டோம். ஊர்ல எவனுக்குத் தெரியப்போவுது?"

"எனுக்குத் தெரிஞ்சிபோச்சே."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"அந்தாளு தப்பே பண்ணலய்யா. பண்ணாத தப்புக்கு மைக்குல நின்னுகினு, அத்தினி பேரு முன்னால கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? சிரிச்சிக்கினு இருந்தேன்."

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே சேட்டுவின் கடைக்குப் போனாள். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் திருவிழா நோட்டீஸ்களைக் காட்டி, பாலாறு குழு எதிலாவது இருக்கிறதா பார் என்றாள். சேட்டு படித்தான். "வெள்ளிக்கெழம, ஐயங்கார்குளம். இன்னாக்கா, அவன மறுபடியும் ஒரு கை பாக்கப் போறியா?"

"ஆமா" என்றாள் அம்முலு.

வெள்ளிக்கிழமை மத்தியானமே புருஷனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஐயங்கார்குளத்தில் குளத்தங்கரைப் பக்கம் மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் கட்டுகிறவன், "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று குளத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வேன் நிழலில் தாண்டவராயன் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டை கொப்பளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், எதிரே நின்ற உயரத்தைப் பார்த்து வெந்நீரை விழுங்கிவிட்டார்.

"அம்மா! இன்னிக்கு இன்னாம்மா தப்பு? நான் இன்னும் வாயே தொறக்கலியே!"

"உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. தப்பு என்னுது. அது தென்னைதான். ரேடியோல கேட்டேன்."

தாண்டவராயன் டம்ளரைக் கீழே வைத்தார். வேனுக்குள்ளிருந்து ஃபைலை எடுத்து வந்து திறந்தார். தோணிப் பாட்டுத் தாள் புத்தம் புதுசாக இருந்தது.

"உங்க ஊர்லேர்ந்து போன மறுநாளே 'என்னை'ன்னு வேற தாள் அடிச்சிட்டேன்மா. நாலு ஊர்ல அப்பிடியே பாடியாச்சு. ஒரு ஊர்ல காலேஜ் பசங்க எழுந்து 'தென்னை, தென்னை'ன்னு கத்தினாங்க. 'தம்பிங்களா, திருப்புலிவனத்துல ஒரு அம்மா சொன்னது, அதுக்கு மேல பேச்சு கெடையாது'ன்னு உக்கார வச்சேன்."

அம்முலு தலையில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ, அந்தப் பசங்களுக்கும் சேத்து நான் கும்புடணுமா?"

"வுடுங்கம்மா. யாரு கேக்கப்போறாங்க."

"அதான் இவரும் சொன்னாரு" என்று புருஷனைக் காட்டினாள். அவன் வேன் சக்கரத்தில் சாய்ந்து தயாராகிக்கொண்டிருந்தான். "நீங்க மைக்குல மன்னிப்புக் கேட்டீங்க. நானும் மைக்குலதான் கேப்பேன். இந்த ஊர்லதான் முடியும். எங்க ஊர்ல அந்தக் கயிறத் தாண்டி என்னய யாரு மேடைக்கு ஏத்துவாங்க?"

தாண்டவராயன் ஃபைலை மூடினார். பிறகு, "எட்டாவது பாட்டு முடிஞ்சதும் கூப்புடறேன்" என்றார்.

கூப்பிட்டார். அம்முலு மேடையில் ஏறியபோது, பாடப்போகிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மைக் அவள் நெஞ்சுக்குத்தான் வந்தது. மைக் கட்டியவன் ஓடிவந்து கம்பியை இழுத்தான், இன்னும் இழுத்தான், அதற்குமேல் அது வரவில்லை. நடவுக்குக் குனிகிற மாதிரி லேசாகக் குனிந்துகொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எங்க ஊரு கச்சேரியில இவுரு சரியாத்தான் பாடினாரு. நான் தப்புன்னு கத்தி இவர மன்னிப்புக் கேக்க வச்சிட்டேன். தென்னைதான் சரி. நான்தான் என்னயப் பத்தின பாட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மன்னிச்சிக்குங்க."

ஐயங்கார்குளத்துக்காரர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் ஒரு பொம்பளை மேடை ஏறி மன்னிப்புக் கேட்பதைப் பார்த்ததில்லை என்பதால் பலமாகத் தட்டினார்கள். அம்முலு இறங்கப் போனாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.

"இன்னொண்ணு. இன்னிக்கு மூணாவது பாட்டுல மோளம் பாட்டுக்கு முன்னால ஓடிப்போச்சு. அதுல நான் சொல்றது கரெக்ட்டு."

டிரம்ஸ்காரரின் முகம் தொங்கிப்போக, இந்த முறை கூட்டம் முழுக்கப் புரிந்துகொண்டு சிரித்தது. தாண்டவராயன் தோணிப் பாட்டை எடுத்தார். முதல் முறை தென்னை என்று திருத்தமாகப் பாடினார். சரணம் திரும்பி வந்தபோது, நாலு ஊரில் பாடிப் பழகிய நாக்கு, "என்னை" என்றுவிட்டது. பாடியவர் பயந்துபோய்க் கீழே பார்த்தார். அம்முலு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.

ஊர் திரும்பியதும் எல்லாருக்கும் சொன்னாள். சேட்டு நம்பவில்லை. ராஜாராமுக்குத்தான் கோபம். "தெரிஞ்சாலும் வாய மூடிக்கினு இருக்கக் கூடாதா? சந்தையில நான் இன்னா மூஞ்ச வச்சிக்கினு பேசுவேன்?" என்றார். இரண்டு வாரம் சந்தைக்கே போகவில்லை. கடைசியில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். "தப்பைக் கூட மைக்குல ஒத்துக்கிற ஆளுங்க எங்க ஊர்லதான் கீறாங்க" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

அம்முலு கத்துவதை நிறுத்தினாளா என்றால், இல்லை. ஒரு மாற்றம் மட்டும் வந்தது. வார்த்தையில் சந்தேகம் வந்தால் இரண்டு முறை ரேடியோவில் கேட்ட பிறகுதான் கத்துவாள். எண்பதுக்குப் பிறகு கேசட் வந்தது. சேட்டு கடையில் டேப் ரிக்கார்டர் வாங்கினான். இன்னும் வசதியாகப் போயிற்று. கச்சேரிக்கு மறுநாள் அவன் கடையில் பாட்டை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டு, கேசட்டில் நாடாவே தேய்ந்துபோகும்.

எண்பத்து மூன்றில் ராஜாராம் தன் மகள் கனகாவின் கல்யாண வரவேற்புக்குப் பாலாறு குழுவை அழைத்தார். தாண்டவராயன் வர ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனை. "அந்த அம்மாவ முன்வரிசையில உக்கார வச்சிடுங்க. பின்னாலேர்ந்து திடீர்னு சத்தம் வந்தா எனக்குத் தூக்கிவாரிப் போடுது. எதிர்ல இருந்தா மூஞ்சப் பாத்தே தெரிஞ்சிக்குவேன்."

ராஜாராம் ஒரு நாள் முழுக்க யோசித்தார். சொந்தக்காரர்களில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். கடைசியில் மேடைக்கு நேர் எதிரே ஓர் இரும்பு நாற்காலி போடப்பட்டது. அம்முலு தன் கல்யாணத்துக்கு எடுத்த புடவையில் வந்து, யாரையும் பார்க்காமல் அதில் உட்கார்ந்தாள். காலனிப் பெண்கள் பந்தலின் ஓரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அவள் முகம் சரியில்லை. தாண்டவராயனுக்கு வியர்த்தது. எந்த வார்த்தையில் தப்பு வந்தது என்று தெரியாமல் தாளைப் புரட்டினார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அம்முலு எழுந்தாள். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இங்க மோளம்தான் காதப் பொளக்குது, பாட்டு ஒண்ணும் கேக்கல. குழா ஸ்பீக்கர் எல்லாம் வெளியில பாத்துக் கட்டிக் கீறாங்க" என்று ராஜாராமிடம் சொன்னாள். பிறகு அந்த இரும்பு நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, பாட்டு நன்றாகக் கேட்கிற இடம் எது என்று காதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடி, பந்தலின் நடுவே நடந்து போனாள்.