பெரிய ஆளுங்களுக்குத் தொட்டில் கட்டினவங்க

ஜீவராணி அக்காவைப் பத்தி யாராச்சும் கேட்டா எனக்கு முதல்ல கோவந்தான் வருது. அவங்க மேல இல்லீங்க. நான் வாயாடி, சமையல்கட்டுல நின்னுக்கிட்டே ஊர் நியாயம் பேசுறவ. அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. அதனாலதான் நான் சொல்றேன்.

கந்தப்பளைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துல இருபத்திரெண்டு வருஷம் புள்ளக் காம்பராவுல ஆயம்மாவா இருந்தாங்க. தாய்மாரு கொழுந்து எடுக்க மலைக்குப் போனா, கைப்புள்ளைங்க அத்தனையும் இவங்க பொறுப்பு. கூரைக் கம்பியில வரிசையா சேலைத் தொட்டில் தொங்கும். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கைன்னு ஆட்டிக்கிட்டே நடப்பாங்க. கல்யாணம் கட்டிக்கலை. அப்புறம் ஒவ்வொரு குடும்பமா கொழும்புப் பக்கம் போயிருச்சு. கடைசியா இருந்த ரெண்டு புள்ளைங்களும் போனதும் காம்பராவைப் பூட்டிட்டாங்க. சாவியை யாரும் திருப்பிக் கேட்கலை. அந்தச் சாவியை வச்சுக்கிட்டு அக்கா லயத்து வீட்டு வரிசையில கடைசி வீட்டுல நாலு வருஷம் சும்மா கிடந்தாங்க. மத்த ஏழு கதவும் பூட்டு.

டவுன்ல இரும்புக்கடை வச்சிருக்கிற ராமநாதன் முதலாளி, காம்பராவுக்குப் பக்கத்து மேட்டுல டென்ட் அடிச்சு, ஊர் சுத்திப் பார்க்க வர்ற ஆளுங்களைத் தங்க வச்சாரு. ஏப்ரல் சீசன்ல நிக்க இடமிருக்காது. மே முடிஞ்சு மழை பிடிச்சா டென்ட் துணியெல்லாம் பூஞ்சணம், ஒரு நாய் எட்டிப் பார்க்காது. வருஷம் பூரா ஆள் வரணும்னா எங்கயும் இல்லாத மாதிரி ஒண்ணு வேணும்னு யோசிச்சு யோசிச்சு, காம்பராவைக் குத்தகைக்கு எடுத்தாரு. ஒரு பக்கச் சுவரை இடிச்சுக் கண்ணாடி போட்டாரு. கூரையில புதுக் கம்பி ஏத்தி, மெத்தை வச்சு, எட்டுப் பெரிய தொட்டில். ஏழு கழுதை வயசானவங்க தொட்டில்ல படுக்குறதான்னு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எனக்குச் சமையல் வேலை. தொட்டில் முடிச்சு வழுக்காமப் போடத் தெரிஞ்சது அக்காவுக்குத்தான், அதனால அவங்களையும் கூப்பிட்டாங்க.

முதல் மாசமே அக்கா ஒரு தப்புப் பண்ணினாங்க. கொழும்புப் பொண்ணு ஒண்ணு மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்துச்சு. துடைப்பத்தோட அந்தப் பக்கம் போன அக்கா, போற போக்குல தொட்டிலை ஒரு தள்ளு தள்ளிட்டாங்க. பழக்கதோஷம், கை தானாப் போயிருச்சு. பொண்ணு அலறி எழும்பி, பிறகு சிரிச்சு, இன்னும் கொஞ்சம் ஆட்டச் சொல்லி அதைப் படமும் பிடிச்சுப் போட்டிருச்சு. அவ்வளவுதான், அடுத்த வாரத்துலருந்து போன் ஓயலை. மழையிலயும் வந்தாங்க, பனியிலயும் வந்தாங்க. அக்காவுக்குத் தோள் வலி வந்ததும் ஆளுக்குப் பத்து தள்ளுதான்னு முதலாளி சட்டம் போட்டாரு. ஆனா யாராச்சும் நிஜமாவே கண் அசந்துட்டா அக்கா கணக்குப் பார்க்க மாட்டாங்க. நல்லா அசந்து தூங்குற வரைக்கும் ஆட்டுவாங்க.

வந்தவங்க சிரிப்பாங்க, படம் பிடிப்பாங்க, போயிருவாங்க. அக்கா பேரைக்கூட யாரும் கேட்டதில்லை. அக்காவுக்கு ஆசை ஒண்ணே ஒண்ணுதான்.

"அந்தப் படம் நம்ம புள்ளைங்க யார் கண்ணுலயாச்சும் படும்ல, நாகு? ஒருத்தனாச்சும் வருவான்ல?"

புக்கிங் போன் என்கிட்ட இருந்துச்சு. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் வேலையைப் போட்டுட்டு வந்து பேரு என்னன்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன். இல்லைன்னு தலையாட்டிட்டுப் போவாங்க. ஒரு வருஷம் இப்படியே போச்சு.

ஜூலை மழையில ஒரு பேரு வந்துச்சு, சோலைமலை துஷாந்த். அக்கா கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. சின்னதுல காம்பராவுல மூலைத் தொட்டில்ல போட்டாத்தான் தூங்குவானாம். பத்து மணிக்குத் திரிபோஷ சத்துமாவு உருண்டை குடுத்தா ரெண்டாவதுக்கும் கை நீட்டுவானாம். ரெண்டு நாளா இதே பேச்சு. கிளினிக்குக்குப் போற பொண்ணுகிட்ட ஒரு பாக்கெட் திரிபோஷ வாங்கி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி வச்சாங்க.

ஆபீஸ் சிநேகிதங்க மூணு பேரோட வந்தான். தாடி வச்சு ஆளே மாறிப்போயிருந்தான். அக்கா தட்டைக் கொண்டுபோய் வச்சாங்க. இது என்னன்னு ஒருத்தன் கேட்டான். தெரியாது, ஏதோ ஊர்ப் பலகாரம்னு துஷாந்த் சிங்களத்துல சொன்னான். சொல்லிட்டு ரெண்டு உருண்டை தின்னான். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

கை கழுவப் பின்பக்கக் குழாய்க்கு வந்தான். அக்கா அங்க நின்னாங்க. நான் உள்ள சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கிட்டு இருந்தேன்.

"ஆயம்மா, இவங்ககிட்ட நான் கண்டி டவுனுன்னுதான் சொல்லியிருக்கேன், தோட்டத்து ஆளுன்னு தெரியாது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

"சரிங்க சார்."

சாராம்! அவனுக்குக் கால் கழுவிவிட்ட கைங்க அது. நான் கத்தியோட வெளிய பாய்ஞ்சேன், அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. அவனை முழுசாத் திட்டவும் எனக்கு வாய் வரலை. என் மகளும் கொழும்புக் கடையில நுவரெலியா டவுனுன்னுதான் சொல்லியிருக்கா. மறுபடி லீக்ஸ் வெட்டப் போனேன், வேற என்ன செய்ய.

சாயங்காலம் சிநேகிதங்க மூணு பேரும் ஆடி முடிச்சு, அவனையும் பிடிச்சுப் படுக்க வச்சாங்க. அவன் மூலைத் தொட்டிலுக்குத்தான் போனான். சுவர் பக்கம் திரும்பிக்கிட்டான். அக்கா தள்ளினாங்க, நான் எண்ணினேன். ஏழாவதுலயே அவன் தோள் தளர்ந்து, கண் அசந்த மாதிரி மூச்சு சீராயிருச்சு. பத்தாவது தள்ளோட, அன்னைக்கு மட்டும் கணக்கா, அக்கா கையை எடுத்துட்டாங்க. தொட்டில் கொஞ்ச நேரம் தானா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள அக்கா ஈர மிதியடிங்களைப் பொறுக்கிக்கிட்டு வெளிய போயிட்டாங்க.

காலையில எல்லாரும் இங்கிலீசுல நன்றி சொல்லிட்டுப் போனாங்க. அவன் வண்டியில கடைசியா ஏறினான். திரும்பிப் பார்த்தானான்னு எனக்குத் தெரியலை, மழை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

பத்து மணி போல போன் அடிச்சுச்சு, ஆகஸ்ட் மாசத்துக்கு. அக்கா மூலைத் தொட்டில் முடிச்சை அவுத்து மறுபடி போட்டுக்கிட்டு இருந்தாங்க. பேரு கேப்பாங்கன்னு காத்திருந்தேன். கேட்கலை. எனக்குத் தாங்கலை, நானே பேரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"எத்தனை ஆளுன்னு மட்டும் சொல்லு, நாகு."