ஹேங்கர் தராசு

அப்பாவின் சேஃப்டி ஷூவில் எப்போதும் கட்டிங் ஆயில் வாடை அடிக்கும். அம்மாவின் ரப்பர் செருப்புக்கு வாடையே கிடையாது. ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு "லைன் வீட்டில்" நாங்கள் குடியிருந்தபோது, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று இருவரும் கேட்டு வாங்கியது எதிரெதிர் ஷிப்ட் என்பதால், வாசலில் ஷூ இருக்கும் நேரத்தில் செருப்பு இருக்காது. ஒருவர் கிளம்பி மற்றவர் வந்து சேராத இடைவெளியில், பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா ஜன்னல் வழியே "ஊட்டா ஆய்த்தா?" என்பார், சாப்பிட்டாயிற்று என்று தலையாட்டுவேன். மற்றபடி பேச ஆளில்லை.

"நானும் ஒங்கம்மாளும் தராசுத் தட்டு மாதிரி பாப்பா, ஒண்ணு எறங்குனா ஒண்ணு ஏறும்" என்று அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஒரு ஹேங்கரின் இரு முனையிலும் காகிதக் கப் கட்டி, ஆணியில் மாட்டி, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போட்டு விளையாடச் சொன்னார். "ரெண்டு பக்கமும் சமமாயிட்டா ஆடாம நிக்கும், பாருங்க" என்றார். தராசு ஆடாமல் நின்றுவிட்டால் அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று நான் முடிவு கட்டினேன். ஆனால் ஷூவும் செருப்பும் ஒன்றாகக் கையில் கிடைத்தால்தானே?

மெஷின்களுக்கே பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கிற ஆயுத பூஜையன்றுதான் கிடைத்தது. கொடிக்கம்பியில் ஹேங்கரை மாட்டி, இரு முனையிலும் பை கட்டி, ஒரு ஷூவையும் ஒரு செருப்பையும் போட்டேன். ஷூ "தொப்"பென்று இறங்கியது. அம்மா பக்கம் என் செருப்புகளையும் சேர்த்தேன், போதவில்லை. ஒரு பிடி பொரி போட்டேன், பொரியால் ஆகுமா? கடைசியில் பூஜைத் தேங்காயில் ஒரு மூடியை வைத்ததும் ஹேங்கர் நேராக நின்றது.

"அம்மா, நின்னுடுச்சு! அப்பா, வாப்பா!"

இருவரும் வந்தார்கள். "அடிப்பாவி, சாமி தேங்காயச் செருப்போட போட்டிருக்கா பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரிக்க, அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சேர்ந்து சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. நான் கெஞ்சியதால் தராசை அப்படியே விட்டுவைத்தார்கள்.

மறுநாள் கண் விழித்தபோது அப்பா ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு போயிருந்தார். என் செருப்பு இருந்த பக்கம் தாழ்ந்து தொங்கியது. அன்று நான் அழுத அழுகைக்குக் காரணம் கேட்டுக் கேட்டு அம்மா சலித்துப்போனாள்.

அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் ஓய்வுபெற்றுக் காவேரிப்பட்டினத்தில் ஒரே வாசலில் செருப்பு விடுகிறார்கள். போய்ப் பார்க்க எனக்குத்தான் லீவு கிடைப்பதில்லை. நானும் கணவரும் எதிரெதிர் ஷிப்ட். போன வாரம் மகளுக்கு ஒரு ஹேங்கர் தராசு செய்து கொடுத்தேன், பழைய கதை எதையும் சொல்லாமல். நேற்று நான் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போம்மா. செருப்ப மட்டும் வெச்சிட்டுப் போறியா?"

பழைய ஜோடி ஒன்றைத் தேடிக் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.