பல்லக்கா தம்பியிடம் பேசிய வகையில்

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லும் அக்காவும் ஒட்டிக்கொண்டு அப்படி ஆனது. புதிதாக வருகிறவர்கள், ஏறிப் போகிற பல்லக்கு என்று நினைத்து விழிப்பார்கள். நாள் முழுக்க ஊரார் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. சின்னப் பிள்ளைகளின் பற்கள் கரியாகிப் போவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், தோழிகளைச் சேர்த்துப் ‘பால்பல் சங்கம்’ தொடங்கினாள். சங்கத்தின் சொத்து ஒரு பெரிய ரப்பர் தாடையும் முழ நீள பிரஷ்ஷும்தான். அந்தத் தாடையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள்.

பள்ளிக்கூடங்களில் குளிர்பானம் விற்கக் கூடாது என்று சட்டம் வர வேண்டும் என்பது அவள் ஆசை. சொந்தத் தம்பியே சட்டசபை உறுப்பினர். ஆனாலும் காரியம் நகரவில்லை. சபைக் குழு கூடும்போதெல்லாம் ‘புன்னகைக் குழந்தைகள் அறக்கட்டளை’யின் தலைவர் கோட்டும் சூட்டுமாக வந்துவிடுவார். சர்க்கரைக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை, பிள்ளைகள் போதுமான அளவு சிரிக்காததால்தான் பல் கெடுகிறது என்று படம் போட்டுக் காட்டுவார். உறுப்பினர்கள் தலையாட்டுவார்கள். அறக்கட்டளைக்குப் படியளப்பது குளிர்பானக் கம்பெனிதான் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கத்தான் விதி இல்லை.

பல்லக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்ட வந்து பேசறது யாரு, என்ன பேசினாங்க, யார் காசுல வந்தாங்கன்னு ஊருக்குத் தெரியணும்டா. நல்லது செய்யறவங்களுக்கு அதைச் சொல்றதுல என்ன வெட்கம்?”

தம்பி தலையைச் சொறிந்தான். ஆனால் சொன்னபடி மசோதாவைக் கொண்டுவந்தான். மறைக்க நிறைய வைத்திருந்தவர்கள்தான் முந்திக்கொண்டு கை தூக்கினார்கள். உறுப்பினரிடம் எந்தச் சங்கத்தார் பேசினாலும் பொதுப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

வந்த வேகத்தில் பதிவு அதிகாரி மருத்துவமனைக்கே வந்து நின்றார். சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத மனிதர்.

“அம்மா, நேத்து உறுப்பினரோட போன்ல பேசினீங்களா?”

“எந்த உறுப்பினர்? என் தம்பியா? ஆமா, சளி தேவலையான்னு கேட்டேன்.”

“நீங்க ஒரு சங்கத்தோட தலைவி. பொருள்: சளி. பதிஞ்சுடுங்க.”

பல்லக்கா வாதாடவில்லை. தானே கேட்டு வாங்கிய விதி ஆயிற்றே. அன்றிலிருந்து தம்பியிடம் பேசியதையெல்லாம் பொதுப் பதிவில் ஏற்றினாள். ‘தண்ணீர்க் குழாய் ஒழுகுவது குறித்து ஆலோசனை.’ ‘உறுப்பினரின் தொப்பை குறித்துக் கண்டனம்.’ ‘உறுப்பினர் மனைவியிடம் கத்தியது குறித்து எச்சரிக்கை.’ இந்தக் கடைசி வரி வெளியானதும் தம்பி மனைவி போன் செய்தாள்.

“அண்ணி, ரொம்ப நன்றி. நான் இத்தனை வருஷமா சொல்லி ஒரு மாற்றமும் இல்ல. ஊரே படிச்சதும் மனுஷன் பசு மாதிரி ஆயிட்டாரு.”

அறக்கட்டளைக் கோட்டுக்காரர் பெயரில் பதிவில் ஒரே வரிதான் இருந்தது: ‘மரியாதை நிமித்தம்.’

அப்புறம் பத்திரிகையில் பட்டியல் வந்தது. அரசியல்வாதிகளை அதிகமாக வளைப்பவர்களில் முதலிடம் பல்லக்காவுக்கு. எண்ணெய்க் கம்பெனி, சிமெண்ட் கம்பெனி எல்லாம் அவளுக்குக் கீழே. ரப்பர் தாடையோடு அவள் நிற்கிற படத்துக்கு ‘திரைமறைவு சக்தி’ என்று தலைப்பு. மறுநாள் அவள் வீட்டு வாசலில் கார்கள் நின்றன. சுரங்க முதலாளி ஒருவர் பழக்கூடையோடு வந்து, மலையொன்றைக் குடையத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். பல்லக்கா அவரை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி, ஈறு வீங்கியிருக்கிறது, முதலில் அதைக் கவனியுங்கள் என்று அனுப்பிவைத்தாள். பழக்கூடையையும் சுரங்கப் பேச்சையும் பதிவில் ஏற்றினாள். கார்கள் வருவது நின்றது.

சபைக் குழு அவளை விசாரணைக்கு அழைத்தது. பக்கத்து நாற்காலியில் கோட்டுக்காரர், முகமெல்லாம் பல்.

“உங்க சங்கத்துக்குப் பணம் யார் கொடுக்கறாங்க?” என்று தலைவர் கேட்டார்.

“என் சம்பளத்துல கொஞ்சம். தோழிகள் கொஞ்சம். தாடை எங்க டாக்டர் பழசைத் தூக்கிப் போட்டது. பிரஷ் மட்டும் கடனா வந்தது, திருப்பித் தரல. அது தப்புதான்.”

விதிப்படி வரிசையில் இருந்த எல்லோருக்கும் அதே கேள்வி உண்டு. தலைவர் கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“நலம்விரும்பிகள்” என்றார் கோட்டுக்காரர்.

“யாரு அவங்க?”

“பொதுவா... நலத்தை விரும்பறவங்க.”

“பேரைச் சொன்னாத்தான் நீங்க இங்க பேச முடியும்.”

கோட்டுக்காரர் கூரையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார். முதன்முறையாக அந்த அறையில் பல்லைப் பற்றிப் பல்லக்கா மட்டும் பேசினாள். குளிர்பானத் தடைக்குக் குழு சம்மதித்தது.

ஆனால் சில வாரங்களில் பதிவு விதிக்குத் திருத்தம் ஒன்று முளைத்தது: குடும்பப் பேச்சுக்கு விலக்கு. தம்பிக்கு ஏக சந்தோஷம். “அக்கா, இனிமே என் தொப்பை ஊர் வாயில விழாது.”

“போடா மண்டு. நாளைக்கே அந்தக் கம்பெனிக்காரங்க எல்லாரும் உனக்கு மச்சான் முறை ஆயிடுவாங்க. எத்தனை மச்சானுக்குடா பதில் சொல்லுவ?”

தம்பி கோபித்துக்கொண்டான். ஆனாலும் இரவெல்லாம் யோசித்திருப்பான் போல. சபையில் எழுந்து திருத்தத்தை எதிர்த்தே பேசினான். அது தோற்றது. அக்காவிடம் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டான். பேசாமல் இருப்பதையும் பதிய வேண்டுமா என்று பல்லக்கா அதிகாரியைக் கேட்டாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மௌனத்துக்கு இன்னும் விதி வரவில்லை என்றார்.

கடைசியில் கடைவாய்ப் பல் குத்தியெடுத்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு தம்பி மருத்துவமனைக்கு வந்தான். பல்லக்கா ஒன்றும் நடக்காதவள்போல நாற்காலியில் சாய்த்து, வாயில் குழாயை வைத்துவிட்டு, அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஆற அமரச் சொல்லித் தீர்த்தாள். அவன் கண்ணில் நீர் வழிந்தது. பல் வலியா வேறெதுவுமா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அன்று மாலை பதிவில் ஏறியது: ‘பொருள்: பல, குடும்ப விஷயம் உட்பட. உறுப்பினரின் பதில்: ஆ.’