கமலாவுக்கு புதன்கிழமை ஆபரேஷன்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. சிலர் மெசேஜ் அனுப்பிக் கேட்டிருந்தீர்கள் — உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள ஐந்து நாள் ஆயிற்று. அந்தக் கதைதான் இது.

கிள்ளானில் இருக்கும் கமலா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அங்கே ஒரே தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவர்கள். இருபத்தெட்டு வருடப் பழக்கம். கறிவேப்பிலைச் செடியில் பூச்சி விழுந்திருப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். பூச்சிக்காக யாராவது இவ்வளவு நேரம் பேசுவார்களா?

"என்னடீ விஷயம்?" என்றேன்.

"மார்ல ஒரு கட்டி. புதன்கிழமை எடுக்கறாங்க. காலையில போனா சாயங்காலம் விட்ருவாங்களாம். சும்மா சொன்னேன்லா."

"கூட யாரு வர்றா?"

மறுபடியும் கறிவேப்பிலைச் செடிக்கே போய்விட்டாள். துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னாள்.

ஒரே மகன் சிங்கப்பூரில். பார்டர் மூடிக் கிடக்கிறது. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டில் குடும்பத்தோடு கோவிட். கேட்டில் டேப் கட்டியிருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதால், வீட்டுக்கு அழைத்துப் போக ஒரு ஆள் வந்தே ஆகவேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம்.

"நீ வான்னு சொல்லல. அண்ணனை வச்சுக்கிட்டு நீ எப்படி வருவே? நான் யாரையாவது பாத்துக்கறேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் என்று அவள் சொன்னது என் கணவரை. பைபாஸ் ஆனவர். சர்க்கரையும் உண்டு. வீட்டுக்குள் கிருமி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னிடம்தான் தனியாகச் சொன்னார். மார்ச்சிலிருந்து காய்கறியைக்கூடக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். அப்படிப்பட்டவள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, அதே வீட்டுக்குத் திரும்பி வருவதா?

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவரை வெளியே கூட்டிப்போக முடியாது. கூப்பிட்டுக் கேட்ட இரண்டு டாக்ஸிக்காரர்களும் போலீஸ் ரோட்பிளாக் தாண்டி வரத் தயங்கினார்கள். மிச்சம் இருந்தது ரயில்தான்.

இன்னொன்றும் இருந்தது. இவருக்கு பைபாஸ் நடந்தபோது, ஐசியு வாசலில் மூன்று நாள் என்னோடு உட்கார்ந்திருந்தவள் கமலா. வரட்டுமா என்று கேட்கவில்லை. ஒரு பிளாஸ்க்கும் போர்வையுமாக வந்து நின்றாள்.

திங்கள்கிழமை முழுவதும் விஷயத்தை அவரிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். மாலையில் அவரே கேட்டார். சொன்னேன். டிவியை அணைத்தார்.

"போகாதேன்னு சொன்னா நான் மனுஷனே இல்ல," என்றார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "போன்னு சொல்லவும் பயமா இருக்கு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் எழுந்து அவருடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் போனேன் — ஊர் விட்டு ஊர் போக அனுமதி கேட்டுப் பார்ப்போமே, கொடுக்காவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று. ஆமாம், கிடைக்காமல் போனால் நிம்மதி என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது. மறைப்பானேன்?

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளம் மலாய் அதிகாரி. நான் நிரப்பிய விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தார். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"கவான்," என்றேன். நண்பர்.

"கவான் சஹாஜா?" வெறும் நண்பர் மட்டும்தானா?

தங்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் போய் சரிபார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இருபத்தெட்டு வருடப் பழக்கத்தை ஒரு பாரத்துக்காகப் பெயர் மாற்ற மனம் வரவில்லை. மகன் சிங்கப்பூரில் இருப்பதையும், அவளுக்கு வேறு ஆள் இல்லாததையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மருத்துவமனை அனுப்பியிருந்த கடிதத்தைப் போனில் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'நோயாளியின் துணை' என்று தானே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அனுமதி கிடைத்துவிட்டது. இனி சாக்கு இல்லை.

புதன் காலை முதல் கொமுட்டர் ரயில். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் பிளாஸ்டிக் முகத்தடுப்பு, கைப்பையில் சானிடைசர். பெண்கள் பெட்டியில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் சிவப்புப் பெருக்கல் குறி. நான் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன் — கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி.

சுபாங் ஜெயாவில் ஒரு தமிழ்ப் பெண் ஏறினாள். தொழிற்சாலைச் சீருடை. எனக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இருமினாள். மறுபடி இருமினாள். நான் பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கொரோனா இல்லக்கா. டபுள் ஷிப்ட், தொண்டை காய்ஞ்சு போச்சு," என்றாள்.

தலையாட்டினேன். அடுத்த நிமிடம் எழுந்து பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டேன்.

ஒருத்திக்குத் துணையாகப் போகிறவள், இன்னொருத்தியைக் கண்டு ஓடுகிறேன். பயம் நம்மை எவ்வளவு சீக்கிரம் சின்னவர்களாக்கிவிடுகிறது! ஷா ஆலத்தில் அவள் இறங்கும்வரை கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மருத்துவமனை வாசலில் கமலா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மாஸ்க்கைச் சரிசெய்வது போலக் கண்ணைத் துடைத்தாள். அதற்குள் காவலாளி குறுக்கே வந்தார் — நோயாளி மட்டும்தான் உள்ளே, துணைக்கு வந்தவர்கள் வெளியே.

வெளியே ஒரு கூடாரம். அதற்குக் கீழே காலையிலிருந்து சாயங்காலம் வரை. தோள் கொடுக்க வந்தவள், பிளாஸ்டிக் நாற்காலிக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம்? வராமலே இருந்திருக்கலாமோ? தூரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. முழுக்க வெள்ளை உடை போட்ட இரண்டு பேர் யாரையோ இறக்கினார்கள். எனக்கு வீட்டில் இருப்பவர் ஞாபகம்தான் வந்தது.

பதினோரு மணிக்குப் போன்.

"உள்ள கூப்பிடறாங்கடீ. இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன்."

"கூடாரத்துலயா?"

"ஆமாம்லா. எங்க போவேன்?"

"சரி," என்றாள். அவ்வளவுதான். வந்ததன் அர்த்தம் அந்த ஒரு 'சரி'யில் எனக்குக் கிடைத்தது.

சாயங்காலம் சக்கர நாற்காலியில் வந்தாள். உதடு வெளுத்திருந்தது. மூன்றடி தள்ளி நிற்கவேண்டும் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"நீ வந்திருக்கக் கூடாதுடீ. அண்ணனுக்கு ஏதாச்சும் ஆனா நான் தாங்க மாட்டேன்," என்றாள். சொன்னாளே தவிர, வீடு போய்ச் சேரும்வரை கையை விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை. கஞ்சி வைத்து, மாத்திரைகளை எடுத்து வைத்து, அவள் மகனோடு வீடியோவில் பேசவைத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின் அறை. கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். அவர் தட்டை வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் நான் திறப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு தும்மல் போட்டால், இந்தப் பக்கம் எனக்கு உயிர் போய் வந்தது. ஒருநாள் காலை இரண்டு தும்மல். ஏன் போனேன், ஏன் போனேன் என்று பகல் முழுவதும் அதே கேள்வி. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை.

ஐந்தாம் நாள் கிளினிக்கில் பரிசோதனை. நெகட்டிவ். அவரும் நன்றாகவே இருந்தார். மிளகுத் தூள் தும்மலாம்!

நேற்று முன்தினம் பின் அறையில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். கமலா கூப்பிட்டாள்.

"ரிசல்ட் வந்துருச்சுடீ. கேன்சர்தானாம். ஆனா ஆரம்பத்துலயே பாத்துட்டாங்க. ஆறு தடவை மருந்து ஏத்தணும், மூணு வாரத்துக்கு ஒண்ணு." ஒரு மூச்சு விட்டாள். "நீ இனிமே வர வேணாம். நான் சமாளிச்சுக்குவேன்லா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறை வாசற்படியில் நின்று அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அழைப்பு முடிந்தது. மடித்த போர்வையை அலமாரிக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அதை அங்கேயே வை," என்றார். "ரூமைக் காலி பண்ணாதே."