மருதமரத்துப் பலகை

துறைமுகத்துக்கு மேலே, வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி குடியிருந்த பங்களா பிற்காலத்தில் ஒரு வரலாற்றுச் சங்கத்தின் கைக்குப் போனது. அதைச் சுற்றியிருந்த வளவின் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்து, எழுபதுகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். என் அப்பா அந்த வளவில் பதினைந்து வருடம் தோட்டக்காரனாக இருந்தவர். ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலுக்கு நேரே நின்ற பெரிய மருதின் கீழே சின்னப் பலகையொன்று குத்தியிருந்தது. எல்லாம் ஆங்கிலம், தமிழில் ஒரு வரியும் இல்லை. அப்பா வாசிக்கச் சொன்னார்.

"அதிகாரியின்ர மனிசி நட்ட மரமாம்," என்றேன்.

"ஓம், ஒண்டு நட்டவ. படம் எடுக்க மண்வெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அதை அடுத்த கிழமையே ஆடு திண்டிட்டுது. வேலை போயிடும் எண்ட பயத்தில நான் கிளிவெட்டிக் குளக்கட்டில வேறொரு சின்ன மருதங்கண்டை வேரோட கிளப்பி, கடல் கடக்கிற மூதூர் லோஞ்சில மடியில வைச்சுக்கொண்டு வந்து நட்டனான். அதுதான் இது."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது, பிள்ளை?"

நான் நேரே சங்கச் செயலாளரிடம் போனேன். பள்ளிக்கூட ஆசிரியை என்று எனக்குக் கதிரை காட்டினார், அப்பாவை நிற்கவிட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தே பேசினார்.

"எழுத்தில ஏதும் இருக்கோ, ரீச்சர்? அந்த வெள்ளைக்கார அம்மா நட்ட படம் எங்களிட்ட இருக்கு. வெறும் கதையை வைச்சு மாத்த ஏலாது."

தண்ணீர் ஊற்றிய கைகள் அவருக்கு முன்னாலேயே இருந்தன. அவற்றை அவர் பார்க்கவேயில்லை. வீட்டுக்கு வந்து சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒவ்வொன்றிலும் அப்பாவின் முழுப்பெயரோடு.

மாரி முடிந்ததும், பலகையைத் திருத்திவிட்டதாகப் பதில் வந்தது. இருவரும் போனோம். இந்த முறை தமிழும் இருந்தது: "அதிகாரியின் மனைவி நட்டது. உள்ளூர் ஊழியர் ஒருவர் பராமரித்தது."

ஊழியர் ஒருவர். அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பாவோ எழுத்தைப் பார்க்கவில்லை. புதிய பலகையை மரத்தின் உடம்பிலேயே இரண்டு நீள ஆணிகளால் அறைந்திருந்தார்கள்.

"உயிருள்ள மரத்தில ஆர் ஆணி அடிச்சது?"

அந்த வளவில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காவலாளியிடம் சுத்தியல் கேட்டார். அவன் தயங்கினான், பிறகு கொடுத்தான். அப்பா ஆணிகளை மெல்ல நெம்பி எடுத்து, பலகையோடு செயலாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"ஐயா, என்ர பேர் இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான். இனி இதில ஆணி அடிக்காதேங்கோ."

அடுத்த மாதம் போனபோது பலகை ஒரு மரக்கட்டையில் தனியாக நின்றது. வாசகம் மாறவில்லை. அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை. அன்றே நாலாவது கடிதத்தை எழுதினேன். அதற்குப் பதில் வரவேயில்லை.